தேவையான அளவு ஸ்டார்ச்

ஜெல் வட்டு அன்றைக்கும் வெறும் மஞ்சளாகத்தான் இருந்தது.

காலை எட்டரை மணிக்கு லென்ஸில் வலக்கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு இடக்கண்ணை வைத்துப் பார்த்தார். கண்ணை மாற்றினால் காட்சி மாறிவிடுமா என்ன? இருபத்து மூன்றாவது நாள். ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த ஆய்வகத்தில் அவரை எல்லோரும் கஞ்சி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டு செய்வது அவர் வேலை. ஸ்டார்ச் மாவைத் தண்ணீரில் காய்ச்சி, ஜெல் கரைசலோடு கலந்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி உறைய வைப்பார். துணிக்குப் போடுகிற கஞ்சியைப் போலவே அது அடுப்பிலிருந்து இறங்கும். பத்தொன்பது வருடமாக இறக்கிக்கொண்டிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆய்வு அவருடையது அல்ல. அவர் மனைவியின் தங்கையுடையது. முப்பத்து நான்கு வயது, ஏழாவது வருட ஆராய்ச்சி. வீட்டில் அவரை "அத்தான்" என்பாள். ஆய்வகத்தில், உறவைச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்று, மற்றவர்களைப் போல "அண்ணே" என்பாள்.

"அக்கா புருஷனை அண்ணேங்கறீங்களே, அப்ப உங்க அக்கா உங்களுக்கு என்ன வேணும் மேடம்? அண்ணியா?" என்று படப்பிரிவுக்காரர் ஒருமுறை கேட்டார். கேமராவும் லென்ஸும் அவர் பொறுப்பு. அவள் சிரிக்காமல், "வீட்டுல அக்கா, இங்க வந்தா அண்ணி. ரெண்டுக்கும் ஒரே திட்டுதான்" என்றாள். அப்போதெல்லாம் அந்த அறையில் இப்படிப் பேச்சு இருந்தது.

வட்டில் என்ன நடக்க வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் கஞ்சி அண்ணனுக்குச் சாப்பாடே வேண்டாம். வாசல் காவலாளிக்குச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரையும் விட்டுவைக்கவில்லை.

"ஒரு ஆபீஸ்ல வதந்தி கிளம்புதுன்னு வெச்சுக்கங்க," என்று ஆரம்பிப்பார். "அது தன்னைத்தானே பெருக்கிக்கும். ஒருத்தர் சொன்னா நாலு பேர் சொல்வாங்க. ஆனா கூடவே, 'அப்படியெல்லாம் இல்லப்பா'ன்னு ஒரு மறுப்பும் பொறக்கும். இந்த மறுப்பு வதந்தியைவிட வேகமா ஓடுச்சுன்னா என்ன ஆகும்? சுத்தி இருக்கிற மேசைக்கெல்லாம் முன்னாடியே போய் வாயை அடைச்சிடும். வதந்தி பொறந்த மேசையிலயே கிடக்கும். கொஞ்சம் தள்ளி, மறுப்பு நீர்த்துப்போன எடத்துல, இன்னொரு வதந்தி தலை தூக்கும். அப்புறம் மாடியில நின்னு பாத்தீங்கன்னா ஆபீஸ் பூரா சம இடைவெளியில புள்ளி புள்ளியா இருக்கும்."

வட்டில் வதந்தி என்பது அயோடைடு. மறுப்பு என்பது குளோரைட்டு. இரண்டையும் மலோனிக் அமிலத்தோடு ஒரு சிறு பம்ப் இரவு பகலாக வட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அயோடைடு திரண்ட இடத்தில், அதோடு சேர்ந்த அயோடினால், ஸ்டார்ச் கருநீலமாகும். குளோரைட்டு அதை அடக்கிய இடத்தில் மஞ்சளாகவே கிடக்கும். எல்லாம் சரியாக அமைந்தால், கடுகில் கால்வாசிகூட இல்லாத நீலப் புள்ளிகள் தேன்கூட்டு வரிசையில் வந்து நிற்கும். நகராது, கலையாது. ஊட்டுகிற வரைக்கும் அப்படியே இருக்கும்.

அவரை ஏழு வருடமாக விடாமல் பிடித்துவைத்திருந்தது இதுதான். ஒரு சொட்டு மையைத் தண்ணீரில் விட்டால் பரவும், வெளிறும், கடைசியில் எல்லா இடமும் ஒரே நிறமாகும். பரவுதல் என்றாலே வித்தியாசங்களை அழிப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். இந்த வட்டிலோ வேறு வேறு வேகத்தில் இரண்டு பொருள்கள் பரவுவதாலேயே, ஒன்றுமே இல்லாத சமதளத்தில் புள்ளி எழுகிறது. யாரும் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை, யாரும் அச்சு வைக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. மறுப்பு வதந்தியைவிட வேகமாக ஓட வேண்டும். அயோடைடும் குளோரைட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகிறவை. அப்படிப் பார்த்தால் புள்ளியே வந்திருக்கக் கூடாது. ஆனால் போன வருடம் வந்தது. பதினோரு வட்டுகளில் வந்தது. வந்தபோது ஏன் வந்தது என்று யார் கேட்டார்கள்? ஜெல்லின் வலைப்பின்னல் ஏதோ செய்கிறது என்று கட்டுரையில் இரண்டு வரி எழுதினாள். படங்களைச் சேர்த்தாள். செய்முறைப் பகுதியில், எல்லோரும் எழுதுகிற மாதிரி, "நிறங்காட்டி: ஸ்டார்ச், தேவையான அளவு" என்று முடித்தாள்.

வேறொரு ஆய்வகம் அதைப் படித்துச் செய்து பார்த்துவிட்டு, புள்ளி வரவில்லை என்று எழுதியது. இரண்டாவது ஆய்வகமும் அதையே எழுதியது. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு, "நீங்களே திரும்ப ஒருமுறை காட்டிடுங்க, பிரச்சினை முடிஞ்சது" என்றார். காட்ட முடியவில்லை. புள்ளி மேடம் என்று செல்லமாகக் கூப்பிட்ட அதே வாய்கள், அதே பெயரை இப்போது வேறு மாதிரி சொல்லின. படத்தைக் கணினியில் வரைந்திருப்பாள் என்று மாடிப்படியில் யாரோ சொன்னது மறுநாளே நூலகம் வரை போயிற்று. அவள் பக்கத்து மறுப்பு மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. அதற்குள் புள்ளி வர வேண்டும். இல்லையென்றால் பட்டம் இல்லை. ஏழு வருடம் பொய் என்று ஏட்டில் ஏறிவிடும். இன்று வியாழன்.

அவள் உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, லென்ஸ் பக்கம் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தண்ணியை மாத்திப் பாத்தாச்சு," என்றார்.

"அமிலமும் மாத்தியாச்சு அண்ணே. குளிர் அஞ்சு டிகிரி, நாலு டிகிரி, ஏழு டிகிரி. பம்ப் வேகம். கண்ணாடி." விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான் பாத்தேனா இல்ல கனவு கண்டேனான்னு."

"நானும்தானே பாத்தேன்."

"நீங்க என் அக்கா புருஷன். நீங்க பாத்தது கணக்குல வராது."

அன்று மாலை அவசரத்தில் ஒரு கண்ணாடிக் குவளையை உடைத்து விரலைக் கிழித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையருகே நின்று, பஞ்சில் அயோடின் மருந்தை ஊற்றினார். மேசைமேல் அவருடைய வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் கிடந்தன. ஒன்று தினமும் போடுகிறது, அலசி மட்டும் காய்ந்தது. மற்றது நாளைய விசாரணைக்கென்று மனைவி கெட்டியாகக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தது. பஞ்சு நிரம்பி வழிந்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விழுந்தது.

"போச்சு," என்றாள் மனைவி. "பெரியவங்க முன்னாடி போய் நிக்கற கோட்டு. சாயங்காலம் பூரா நின்னு தேச்சேன். கஞ்சிக்கே பேர் வாங்கின மனுஷனுக்கு கஞ்சி போட்ட துணியோட அருமை தெரியுதா பாரு."

அவர் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலசிய கோட்டில் விழுந்த சொட்டு பழுப்பாகப் பரவி நாணய அளவுக்குப் போயிருந்தது, இன்னும் போய்க்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட கோட்டில் அதே சொட்டு, விழுந்த இடத்திலேயே, மிளகு அளவுக்குக் கருநீலமாக நின்றுவிட்டது. ஓர் இழைகூட நகரவில்லை.

ஸ்டார்ச் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டார்ச் வெறும் நிறம் காட்டுகிற சாட்சி என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. நடப்பதில் அதற்குப் பங்கில்லை என்று. அப்படி இல்லை. ஸ்டார்ச்சின் நீண்ட சுருள்கள் அயோடினோடு சேர்ந்த அயோடைடைக் கைப்பிடியாகப் பிடித்து நிறுத்துகின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. குளோரைட்டை அவை சீண்டுவதில்லை. அதனால் வதந்தி தவழ்கிறது, மறுப்பு ஓடுகிறது. புள்ளியை வரவழைத்ததே ஸ்டார்ச்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு புதுக் கேமரா வந்தது. படப்பிரிவுக்காரர் அவரிடம் வந்து, "அண்ணே, படம் பூரா இருட்டு. நீங்க கஞ்சி காய்ச்சுறீங்களா, தார் காய்ச்சுறீங்களா?" என்றார். சரிதானே என்று, லிட்டருக்கு முப்பது கிராம் போட்டுக்கொண்டிருந்த மாவை ஐந்து கிராமாகக் குறைத்தார். படம் பளிச்சென்று வந்தது. நோட்டில் எழுதவில்லை. நோட்டில் அதற்கு இடமே கிடையாது. அமிலம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, பம்ப் எவ்வளவு என்று எட்டுக் கட்டங்கள், ஒன்பதாவது கட்டத்தில் "நிறங்காட்டி: சேர்க்கப்பட்டது." அதன் கீழே தினமும் இரண்டு கையெழுத்து. செய்தவர் ஒன்று, ஆய்வாளர் ஒன்று. நிறத்தை யார் அளந்து எழுதுவார்கள்?

"என்னங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? விரல் ரொம்ப வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆய்வகத்துக்குப் போய் முப்பது கிராம் போட்டுக் காய்ச்சினார். குழம்பு கனத்து, கரண்டி நின்றது. ஊற்றினார். உறைய ஒரு மணி நேரம். ஒட்டிய அழுக்கெல்லாம் போகச் சுத்தத் தண்ணீரில் ஒரு முழு நாள். பிறகு பம்ப்பில் பூட்டி நாலைந்து மணி நேரம். எப்படிக் கூட்டினாலும் சனிக்கிழமை மதியம். குழு பதினோரு மணிக்கு.

முதலில் அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? உன் ஏழு வருடத்தை நான் ஒரு கரண்டியில் குறைத்துவிட்டேன் என்றா? அதுவும் தப்பாக இருந்துவிட்டால்? வாழ்நாள் முழுக்கப் பொருளைச் செய்து, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகே வாயைத் திறந்து பழகியவர். புள்ளி வரட்டும், காட்டிவிட்டுச் சொல்வோம் என்று முடிவு செய்தார். தப்பும் மருந்தும் சேர்ந்தே போகட்டும். குழு என்றால் முடிவு சொல்ல மூன்று வாரமாவது ஆகும், அவர் அறிய எந்தக் குழு இரண்டே நாளில் எதைச் சொல்லியிருக்கிறது?

கூட்ட அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவரும், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரும், ஒரு மூத்த அம்மையாரும். இந்தப் பக்கம் அவள் தனியாக. சுவரோரம் கஞ்சி அண்ணன். கோட்டின் மார்பில் இருந்த கரும்புள்ளியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்து நாலு நாள் குடுத்தோம்," என்றார் துறைத்தலைவர்.

"இன்னும் ரெண்டு நாள் குடுங்க சார்," என்றார் கஞ்சி அண்ணன் சுவரோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

"எதுக்கு?" என்றார் அம்மையார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் முன்னால் ஆய்வக நோட்டு திறந்து கிடந்தது. "ரெண்டு நாள்ல புதுசா என்ன செய்யப் போறீங்க? வட்டு நீங்கதானே செய்றீங்க. அன்னைக்குச் செஞ்சதுக்கும் இப்ப செய்யறதுக்கும் ஏதாவது மாத்தியிருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இதுதான் சரியான கேள்வி. இருபத்து நான்கு நாளில் இதை ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கு அந்த அம்மையார் மேல் மரியாதைகூட வந்தது. பதில் நாக்கில் இருந்தது. ஆனால் வட்டு இன்னும் தண்ணீரில் கிடந்தது. கையில் காட்ட ஒன்றும் இல்லாமல், அக்கா புருஷன், மச்சினிச்சிக்காக, கடைசி நிமிடத்தில், தவறு என்னுடையது என்று சொன்னால்?

"நோட்டுல இருக்கிற மாதிரிதான் மேடம்," என்றார்.

அம்மையார் பக்கங்களைப் புரட்டினார். நிறங்காட்டி சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது. கஞ்சி அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"சரி," என்று அம்மையார் நோட்டை மூடினார்.

மாலை நான்கு மணிக்கு அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"படத்தை நானே வரைஞ்சேன்னு அவங்க எழுதலாம், இல்ல, திரும்பக் காட்ட முடியலை, ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கறேன்னு நான் எழுதலாம். எது வேணும்னு கேட்டாங்க," என்றாள். "ரெண்டாவதை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். நோட்டு எல்லாம் சரியா இருக்கு, செஞ்சவரும் ஒண்ணும் மாத்தலைன்னு சொல்லிட்டார், அப்ப மீதி இருக்கறது நான் மட்டும்தானேன்னாங்க. நியாயம்தானே?" அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "பரவாயில்ல அத்தான். உங்களையாவது ஒண்ணும் சொல்லலை."

அத்தான் என்றாள், அத்தனை பேர் நடக்கிற தாழ்வாரத்தில். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பது போல. அவர் வாயைத் திறந்தார். "நாளைக்கு மத்தியானம் ஒரு தடவை லேபுக்கு வா" என்பது மட்டும் வந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வட்டின் நடுவில் ஒரு மங்கல். ஒரு மணிக்கு அது இரண்டாய்ப் பிரிந்தது. பிறகு ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மஞ்சள் வளையம் தெளிந்து, வளையத்துக்கு அப்பால் அடுத்த புள்ளி முளைத்தது. ஓரத்தை நோக்கி வரிசை வரிசையாகப் போயின. இரண்டு மணிக்கு வட்டு முழுக்கத் தேன்கூடு. இத்தனை அழகாகப் போன வருடம்கூட வரவில்லை. அவர் லென்ஸிலிருந்து விலகி, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் இரண்டேகாலுக்கு வந்தாள். வீட்டு உடையில், கையில் பையில்லாமல். லென்ஸில் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. லென்ஸின் திருகாணியை மெல்லத் திருகி, ஓரம் வரை போய், திரும்ப நடுவுக்கு வந்தாள்.

"எதை மாத்தினீங்க?"

சொன்னார். கேமரா, இருட்டுப் படம், முப்பது, ஐந்து. கோட்டில் விழுந்த சொட்டு. அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள், நடுவில் ஒருமுறை, "பிடிச்சு வெக்குது... ஆமா, அதான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏழு வருடக் கேள்விக்கு விடை கிடைத்ததில் ஒரு கணம் அவள் முகம் தெளிந்தது. அப்புறம் அந்தத் தெளிவிலேயே இன்னொன்று தெரிந்தது.

"கோட்டுல சொட்டு எப்ப விழுந்தது?"

அவர் பம்ப்பின் குழாயைச் சரிசெய்தார்.

"விசாரணைக்கு அக்கா தேச்ச கோட்டுன்னு சொன்னீங்க."

"வியாழக்கிழமை சாயங்காலம்."

அவள் லென்ஸிலிருந்து நிமிர்ந்தாள்.

"வந்ததும் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்மா. வெறும் கையோட சொன்னா அவங்க..."

"எங்கிட்ட சொல்றதுக்கு எதுக்கு அண்ணே கையில ஏதாவது இருக்கணும்?"

அறையில் வேறு யாரும் இல்லை. படப்பிரிவு பூட்டிக் கிடந்தது. அவள் அண்ணே என்றாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பக்கக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். துறைத்தலைவர் முழுவதும் படித்தார். மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து லென்ஸில் பார்க்கவும் பார்த்தார். பார்த்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"வெள்ளிக்கிழமை கேட்டப்ப மாத்தலைன்னீங்க. இப்ப மாத்தினேங்கறீங்க. இதை மேல அனுப்பினா என்ன எழுதுவாங்க தெரியுமா? கலவையை மாத்தினதா செஞ்சவரே ஒத்துக்கிட்டார், அவர் ஆய்வாளரோட அக்கா கணவர், விசாரணையில மறைச்சார். அந்தப் பொண்ணு முடியலைன்னு எழுதிக் குடுத்ததோட விட்டாங்க. இது போனா ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதா ஆயிடும்."

"புள்ளி இருக்கே சார். கண்ணு முன்னாடி இருக்கே."

"இருக்கு," என்றார் துறைத்தலைவர். "யாரோட ஆய்வுல இருக்கு? அவங்க கையெழுத்துப் போட்டு வெளிய போயாச்சு." கடிதத்தை மடித்து அவர் கோட்டுப் பையிலேயே செருகினார். "சாயங்காலத்துக்குள்ள பம்பை நிறுத்திடுங்க. அடுத்த வாரம் வேற ஆளுக்கு இந்த மேசை வேணும்."

கடிதத்தை அவர் தாமே குழுவுக்கு அனுப்பலாம். அனுப்பினால் அவள் பெயர் இப்போது இருப்பதைவிடக் கீழே போகும். அனுப்பாவிட்டால் இப்போது இருக்கிற இடத்திலேயே கிடக்கும். மத்தியானம் மூன்று முறை அவளுக்குப் போன் செய்தார், எதைச் செய்யட்டும் என்று கேட்க. எடுக்கவில்லை. நான்காவது முறை மனைவி எடுத்தாள். "இங்கதான் இருக்கா. உங்ககூடப் பேச மாட்டாளாம்," என்றாள். கூடவே, "எங்கிட்டயும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க," என்று வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு பம்ப்பை நிறுத்தினார். ஊட்டம் நின்றதும் புள்ளிகள் உடனே போய்விடவில்லை. முதலில் விளிம்பு மழுங்கியது. பிறகு புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருந்த மஞ்சள் அழுக்கானது. பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்தன. இனி பரவுதலுக்கு அதன் பழைய வேலைதான், எல்லாவற்றையும் ஒன்றாக்குவது. ஐந்தேமுக்காலுக்கு வட்டு முழுக்க ஒரே நீலம்.

நோட்டை எடுத்தார். அன்றைய பக்கத்தில் எட்டுக் கட்டங்களையும் நிரப்பினார். ஒன்பதாவதில் அச்சடித்திருந்த "சேர்க்கப்பட்டது" என்பதை அடித்துவிட்டு, "ஸ்டார்ச், லிட்டருக்கு முப்பது கிராம்" என்று எழுதினார். இரண்டு மாதம் பின்னால் புரட்டி, குறைத்த தேதியைத் தேடி, அங்கும் ஐந்து கிராம் என்று எழுதி, இன்றைய தேதியைப் பக்கத்தில் போட்டார். திரும்ப இன்றைய பக்கத்துக்கு வந்து, செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார்.

ஆய்வாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. மை காய்கிற வரை நோட்டைத் திறந்தே வைத்திருந்தார். காய்ந்த பிறகும் வைத்திருந்தார்.